மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 27. இது இரண்டாவது பிரசவம், இப்போது 25-வது வாரம். மூத்தவனுக்கு இரண்டரை வயது. மூன்றாம் மாதத்தில் 10.4 இருந்த ஹீமோகுளோபின் போன வாரம் 8.6-க்கு இறங்கிவிட்டது. நர்ஸ் அக்கா கொடுத்த சிவப்பு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டி வாந்தி வருகிறது. அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் பாலில் விழுங்கிவிடுவேன். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கலும் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டும் போகும். அத்தை தினமும் மாதுளை, பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம் கொடுக்கிறார். மாத்திரை அதிகம் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், எடை கூடி ஆபரேஷன் ஆகிவிடும் என்கிறார். என் கணவர் அவருடைய மகன்தான், சொந்தத்தில் கல்யாணம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிலேட்டுக் குச்சி தின்னத் தோன்றுகிறது, மறைத்துத் தின்கிறேன். எடை 54 கிலோ, கர்ப்பத்துக்கு முன் 50. அடுத்த முறை போனால் டிரிப்ஸ் ஏற்றச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

ரத்தம் ஏறாததற்கான காரணத்தில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, பால் மூன்றும் ஒரே வாயில் போகின்றன. கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது, பாலிலும் கால்சியம்தான். இப்படி விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். அதிலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது. ஆக, மாத்திரை உங்களுக்குப் பலன் தரவில்லை என்ற முடிவுக்கு வர இது போதாது. மாத்திரையை நீங்கள் இன்னும் முறையாகச் சாப்பிட்டே பார்க்கவில்லை. குழந்தைக்குப் போகும் இரும்பில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் போகிறது என்பதால் இந்த 25-வது வாரம் திருத்திக்கொள்ளச் சரியான நேரம். அதே காரணத்தால் இனி சும்மா காத்திருக்கவும் நேரமில்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. கர்ப்பத்தின் நடுவில் எல்லோருக்கும் எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடும்போது சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால் அரை கிராம் இறங்கினால் யாரும் பதற மாட்டோம். ஆனால் 10.4-லிருந்து 8.6 என்பது நீர் சேர்ந்ததால் மட்டும் வருகிற இறக்கம் இல்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு தடவையும் ஒரே இடத்தில் எடுத்த பரிசோதனையா? விரல் நுனியில் குத்திச் சின்னக் கருவியில் பார்ப்பதும் நரம்பில் ரத்தம் எடுத்து லேப்பில் பார்ப்பதும் அச்சாக ஒத்துவராது. இனிமேல் ஒரே லேப்பில் பாருங்கள்.

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் உடம்பு கேட்கும் இரும்பு ஏறத்தாழ 1,000 மி.கி. அதில் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், 500 உங்கள் உடம்பில் புதிதாக உருவாகும் சிவப்பணுக்களுக்கு, மீதி அன்றாட இழப்புக்கு. முதல் பிரசவம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் அன்று காலியான இருப்பு நிரம்புவதற்குள் அடுத்த கர்ப்பம் வந்திருக்கும். உங்களுக்கு மட்டும் வந்த குறையாக இதை நினைத்துக்கொள்ள வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்று. உங்கள் எண்ணுக்கு அரசு வழிகாட்டுதல் நாளுக்கு இரண்டு. வெளியில் வாங்குவதானால் அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாமல், ‘எலிமென்டல் அயர்ன்’ எத்தனை மி.கி. என்று பாருங்கள். உடம்புக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு அதுதான். ஃபெரஸ் ஃபியூமரேட் 305 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் இரும்பு 100 மி.கி. வயிற்றைப் புரட்டாது என்று சொல்லி விற்கப்படும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரும்பு சேருவது சிறுகுடலின் தொடக்கத்தில். அந்த இடத்தைத் தாண்டிய பிறகு கரைகிற மாத்திரை வயிற்றுக்குச் சுகமாக இருக்கும், ரத்தத்துக்கு உதவாது.

ஒரு நாளை இப்படி அமைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் காப்பியோ டீயோ குடிப்பீர்கள் என்றால் குடித்துக்கொள்ளுங்கள், தடையில்லை. எட்டரை மணி வாக்கில் காலைச் சாப்பாடு, அதோடு முதல் கால்சியம். பதினொரு மணிக்கு வயிறு காலியும் இல்லாமல் நிறைந்தும் இல்லாமல் இருக்கும். அப்போது முதல் இரும்பு மாத்திரை. தண்ணீரில் விழுங்கி, கூடவே ஒரு பெரிய நெல்லிக்காய், அல்லது அரை மூடி எலுமிச்சை பிழிந்த ஜூஸ், அல்லது ஒரு கொய்யா. வைட்டமின் சி இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, அதோடு இரண்டாவது கால்சியம். நாலரைக்கு டீயோ பாலோ உங்கள் விருப்பம். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துவிட்டு, ஒன்பதரை பத்துக்குப் படுக்கப் போகும்போது இரண்டாவது இரும்பு மாத்திரை. ராத்திரிப் பால் இனி மாலைக்கு மாறட்டும். கால்சியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதுவும் தேவைதான், சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். இரும்பிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

காப்பி, டீ விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டிலிருந்து சேரும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். காப்பி அதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் காப்பி என்ற நம் வழக்கம் கர்ப்பிணிக்கு ஒத்துவராது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்னும், ஒன்றரை இரண்டு மணி நேரம் பின்னும் காப்பி, டீ வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையோ வெள்ளைச் சிரப்போ எடுப்பதாக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் இரும்பும் குறைவாகத்தான் சேரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

குமட்டல் இருக்கும் நிலையில் முதல் நாளே இரண்டு மாத்திரை வேண்டாம். முதல் ஐந்தாறு நாள் இரவில் ஒன்று மட்டும். படுத்தவுடன் தூங்கிவிட்டால் குமட்டல் தெரியாது. அது பழகிய பிறகு பதினொரு மணி மாத்திரையைச் சேருங்கள். அப்போதும் புரட்டினால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றில் சேரும் அளவுக்கு இப்படிச் சேராது என்பது உண்மை. ஆனால் வாந்தியில் போகும் மாத்திரையைவிட, சாப்பாட்டோடு உள்ளே தங்கும் மாத்திரை மேல். சீக்கிரம் ஏற வேண்டும் என்று மூன்று நான்காகக் கூட்டாதீர்கள். இரும்பு ஒரு வேளை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலின் கதவை ஒரு நாள் வரை பாதி மூடி வைக்கும். அந்த நேரத்தில் மேலே மேலே போடும் மாத்திரை சேராமல் குடலிலேயே தங்கி வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் தரும். இதே காரணத்துக்காகச் சில மருத்துவர்கள் நாளுக்கு ஒரே வேளையாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ எழுதித் தருவதுண்டு. உங்கள் மருத்துவர் அப்படி எழுதினால் தவறு என்று நினைக்காதீர்கள். நீங்களாக மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

கறுப்பு மலத்துக்குப் பயம் தேவையில்லை. சேராத இரும்பின் நிறம் அது. மாத்திரை சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு வரும். தார் போலப் பிசுபிசுத்து, பொறுக்க முடியாத நாற்றத்தோடு போனால் மட்டும் அது குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். மலச்சிக்கலுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், கீரை, அவரை, வாழைத்தண்டு, தோலோடு கொய்யா, சாயங்காலம் அரை மணி நடை. இவ்வளவுக்கும் அசையாவிட்டால் இரவில் இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அது இரும்பு மாத்திரையோடு ஒட்டிப் போகாமல் ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். தேவைப்பட்டால் மருத்துவர் லாக்டுலோஸ் சிரப் தருவார், கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது. நாட்டுமருந்துக் கடைப் பேதி மருந்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இனி அத்தையின் மாதுளை. அவர் அக்கறையோடு செய்வதை நிறுத்தச் சொல்லி வீட்டில் மனக்கசப்பு வர வேண்டாம். ஆனால் கணக்கு இதுதான்: 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மி.கி. ஒரு சிவப்பு மாத்திரையில் இருக்கும் இரும்பை மாதுளையில் எடுக்க வேண்டுமானால் 20 கிலோ முத்து உதிர்க்க வேண்டும். பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 0.8 மி.கி.; அந்தச் சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. பேரீச்சம்பழமும் எல்லோரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சை வருகிறதே என்பீர்கள். அதே பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் இருக்கிறது, இரண்டும் வேண்டும். அந்த டானிக்கைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் வீடுகள் அதிகம். மாத்திரையோடு சேர்த்து அதையும் எடுப்பதா, மாத்திரைக்குப் பதிலாகவா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டானிக் பல்லில் கறை படுத்தும் என்பதால் ஸ்ட்ரா வைத்துக் குடித்து வாய் கொப்பளியுங்கள்.

ரத்தத்துக்கு உண்மையிலேயே உதவும் சாப்பாடு நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மாமிசத்தில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும். டீ கீரை இரும்பைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தடுப்பதில்லை. ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, அந்தக் காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்கிக் கொடுத்தது வீண் நம்பிக்கை இல்லை. ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு அதில் உண்டு. வாரம் ஒரு நாள், மிளகு சீரகம் போட்டு, உள்ளே ரத்தம் கசியாத அளவுக்கு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரலை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில் அது குழந்தைக்கு நல்லதல்ல. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 4 முதல் 5 மி.கி. வரை இரும்பு இருந்தாலும் அதில் சேருவது சிறு பங்குதான். பொரியல் இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் அந்தப் பங்கு கூடும். கம்பில் இரும்பு 6 மி.கி.க்கு மேல் உண்டு. ஆனால் தானியத்தின் மேல்தோலில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி புளிக்கவைத்துக் கூழாக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. முளைகட்டிய பாசிப்பயறும் அப்படித்தான். கறிக்குழம்புச் சோற்றில் கீரையைச் சேர்த்துச் சாப்பிட்டால் கறியின் துணையால் கீரை இரும்பும் கூடுதலாகச் சேரும். அத்தையிடம் மாதுளைக்குப் பதில் தினம் ஒரு நெல்லிக்காயும் கொய்யாவும் கேளுங்கள், செலவும் குறையும். இதெல்லாம் மாத்திரைக்குத் துணைதான். 8.6-ஐச் சாப்பாடு மட்டும் 11-க்குத் தூக்கிவிடாது.

பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதற்குப் பதில் சுருக்கமானது. தோல் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் முடிவாகிவிட்டது, இரும்புக்கு அதில் வேலை இல்லை. மாத்திரையால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து ஆபரேஷன் ஆவதும் கிடையாது. நேர்மாறாக, ரத்தசோகையைச் சரிசெய்யாமல் விட்டால்தான் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் ரத்தம் போகலாம். 12 கிராம் உள்ளவர் அதைத் தாங்கிக்கொள்வார். 8 கிராமோடு பிரசவ அறைக்குப் போகிறவருக்கு அதே அரை லிட்டர் ஆபத்து. அத்தைக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

சிலேட்டுக் குச்சிக்குக் கூச்சம் வேண்டாம். பல்பம், திருநீறு, அடுப்புச் சாம்பல், செம்மண், பச்சரிசி, ஐஸ்கட்டி என்று தேடித் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி வருவதுதான். மசக்கை என்று வீட்டில் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மண்ணும் சாம்பலும் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம். இரும்பு உள்ளே சேரத் தொடங்கிய சில வாரங்களில் இந்த ஆசை தானாகவே அடங்கிவிடும். அதுவரை கையில் வறுத்த பொட்டுக்கடலையோ நெல்லி வற்றலோ வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், அவருக்கு இது ஒரு முக்கியமான அறிகுறி. கூடவே பூச்சி மாத்திரை போட்டாயிற்றா என்றும் பாருங்கள். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே ஒரு தடவை, நான்காம் மாதத்துக்குப் பிறகு. கொக்கிப்புழு குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அது பாதம் வழியாகவே ஏறும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: சொந்தத்தில் கல்யாணம். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு இல்லை. தலசீமியா என்ற மரபணுக் குறையை ஒற்றையாகச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் 9, 10 என்றே நிற்கும், எத்தனை மாத்திரை போட்டாலும் ஏறாது, அவர்களுக்கு வேறு தொந்தரவும் தெரியாது. ஆனால் கணவன் மனைவி இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் முழுமையாக வர. நெருங்கிய சொந்தத்தில் இருவரும் சுமக்கும் சாத்தியம் கூடுதல். மூத்தவன் நன்றாக இருக்கிறான் என்பது மட்டும் இதற்கு உத்தரவாதம் ஆகாது. உங்கள் முழு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து எம்.சி.வி. என்ற எண்ணைப் பாருங்கள், சிவப்பணுவின் சராசரி அளவு அது. அது 80-க்குக் கீழே இருந்தால், மில்லியனில் போட்டிருக்கும் சிவப்பணு எண்ணிக்கையால் அதை வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும், மேலே வந்தால் இரும்புக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இது தோராயக் கணக்குதான், உறுதிசெய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை எடுப்பார்கள். அதற்கு அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேளுங்கள். கணவரின் ரத்தத்தையும் அன்றே கொடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம். அதோடு ஃபெரிட்டின் பார்த்தால் உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று தெரியும். 30-க்குக் கீழே என்றால் இருப்பு காலி. எம்.சி.வி. 100-க்கு மேல் போயிருந்தால் கதை வேறு, பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைத் தேட வேண்டும்.

டிரிப்ஸ் பயத்துக்கு வருகிறேன். சரியாகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். அதாவது 29-வது வாரத்தில் நீங்கள் 9.6-ஐத் தொட்டிருக்க வேண்டும். தொட்டிருந்தால் மாத்திரையே போதும், தொடருங்கள். தொடவில்லை என்றால், அல்லது இத்தனை மாற்றியும் குமட்டலால் வாரம் இரண்டு நாள் விடுகிறீர்கள் என்றால், அதற்கு மேல் மாத்திரைக்கு அவகாசம் கொடுக்காதீர்கள். நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய இரும்பு ஹீமோகுளோபினாக மாறவும் மூன்று நான்கு வாரம் ஆகும். 30-வது வாரத்தில் ஏற்றினால் 34-ல் பலன் தெரியும். 36-வது வாரம் வரை ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளியவர்களுக்குக் கடைசியில் ரத்தமே ஏற்ற வேண்டி வருகிறது. பலரும் இரும்பு டிரிப்ஸையும் ரத்தம் ஏற்றுவதையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள். இதில் அடுத்தவர் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது.

உங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 11-க்குப் போக 2.4 கிராம் வேண்டும். அதைக் கர்ப்பத்துக்கு முந்தைய எடை 50-ஆலும், மாறாத எண் 2.4-ஆலும் பெருக்கினால் 288. இருப்புக்கு 500 கூட்டினால் ஏறத்தாழ 800 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி., 100 மில்லி சலைனில் கலந்து 15–20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு தடவை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதைப் போடுகிறார்கள். ஃபெரிக் கார்பாக்ஸி மால்டோஸ் என்றால் 15 நிமிடத்தில் 1,000 மி.கி. வரை ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். தினமும் அலைய முடியாதவர்களுக்கு வசதி. இரண்டையுமே முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஏற்றும்போது அரிப்பு, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நெடுநாள் நிற்கும். டிரிப்ஸ் நடக்கும் நாட்களில் இரும்பு மாத்திரையை நிறுத்திவைப்பார்கள். ஃபோலிக் அமிலம் தொடரும். கடைசி டிரிப்ஸுக்கு ஐந்து நாள் கழித்து மீண்டும் இரும்பு மாத்திரை தொடங்கும்.

நாளை வரை காத்திராமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, ஓயாத படபடப்பு, மயக்கம், எந்த ரத்தப்போக்காக இருந்தாலும், எப்போது பார்த்தாலும் 7-க்குக் கீழே வந்த எண். எட்டாம் மாதத்துக்குள் 10-ஐத் தாண்டாவிட்டால் ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று இப்போதே தீர்மானியுங்கள். உங்கள் ரத்த வகை அட்டையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரசவத்தின்போது, குழந்தை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துக் கவ்வி போடச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் ரத்தம் அதன் முதல் ஆறு மாத இரும்புக்குப் பெரிய சேமிப்பு, ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு.

வீட்டில் இரண்டரை வயதுப் பையன் இருக்கிறான் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு மிட்டாய் போலவே இருக்கும். 12 கிலோ குழந்தை நான்கு மாத்திரை தின்றாலே விஷமாகலாம். பத்துப் பன்னிரண்டு உயிருக்கு ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு சில மணி நேரம் தெளிந்ததுபோல் தெரியும், அதற்குப் பிறகு திடீரென்று மோசமாகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஒன்றிரண்டு காணவில்லை என்று சந்தேகம் வந்தாலே அட்டையோடு அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தலையணைக்கு அடியிலும் டி.வி. ஸ்டாண்டிலும் மாத்திரையை வைக்காதீர்கள். பூட்டும் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

பிரசவம் முடிந்த பிறகு இன்னும் 180 நாள் மாத்திரை தொடர வேண்டும், பால் கொடுக்கும்போது சாப்பிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது பிரசவம் என்பதால் பிரசவ அறையிலேயே காப்பர்-டி வைக்கட்டுமா என்று கேட்பார்கள். நல்ல முறைதான், ஆனால் சிலருக்கு மாதவிலக்கு ரத்தப்போக்கைக் கூட்டும். அன்றைக்கு உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, ரத்தப்போக்கைக் கூட்டாத வேறு முறைகளையும் விசாரித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.